ஈசானிய மூலையில் ஒரு கரும்பலகை

வடிவியல் ஆராய்ச்சி செய்கிறேன் என்று கல்யாண வீடுகளில் சொல்வதை நான் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. சொன்ன உடனே யாராவது ஒருவர், "அப்போ வாஸ்துவா?" என்று கேட்பார். இல்லை என்றால் முகம் தொங்கிப் போகும். ஒருமுறை தி. நகரில் ஒரு மண்டபத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், ரசம் இலையை விட்டு ஓடுவதைக்கூடக் கவனிக்காமல், தன் வீட்டுப் பிளானைச் சாதத்தில் விரலால் வரைந்து காட்டி, மாடிப்படியை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று என்னைக் கேட்டார். எனக்கு அதெல்லாம் தெரியாது என்றேன். புரொபசர் என்று சொன்னார்களே என்று அந்தப் பக்கம் இருந்தவரிடம் திரும்பிக் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறை நியாயமானது. ஒரு படிக்கட்டைத் திருப்பத் தெரியாத வடிவியலை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நான் உண்மையில் செய்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நீளமான காகிதப் பட்டையை எடுத்து, ஒரே ஒரு அரை முறுக்கு முறுக்கி, இரண்டு முனையையும் ஒட்டுங்கள். அந்தப் பட்டைக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று தனித்தனியாகக் கிடையாது. அதில் இடம் எது, வலம் எது என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு சுற்றுப் போய் வந்தால் இடம் வலமாகிவிடும். இந்த மாதிரிப் பரப்புகளோடு, இதைவிடப் பெரிய, கையால் ஒட்ட முடியாத பரப்புகளோடு, என் வாழ்நாள் போயிற்று. அதன் பலனாக எனக்கு நிஜ வாழ்க்கையிலும் இடமும் வலமும் நிற்பதில்லை. லெப்ட் என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கம் கையைக் காட்டுவேன். "இன்னா மேடம், வாய் ஒரு பக்கம் போவுது, கை ஒரு பக்கம் போவுது" என்று லஸ் முனையில் ஒரு ஆட்டோக்காரர் கேட்டார். என் ஆராய்ச்சியை அவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை.

வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தபோது, கல்யாணம் ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். சாப்பாடு போடுவேன் என்று சொல்ல வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். எனக்கு அடுத்து உள்ளே போனவரிடம் அவருடைய தேற்றத்தைப் பற்றிக் கேட்டார்களாம். எப்படியோ வேலை கிடைத்தது. அடையாறு தாண்டி ஒரு ஆராய்ச்சி நிறுவனம், மரங்கள், மோசமான காபி, நல்ல நூலகம். அங்கேயே இருந்து, அங்கேயே நரைத்தேன். கருத்தரங்கில் நான் பேசி முடித்த பிறகு சந்தேகத்தை என் பக்கத்தில் நிற்கும் ஆணிடம் கேட்பார்கள். அவர் என் மாணவராக இருப்பார். மேடத்தைக் கேளுங்கள் என்று என் பக்கம் கையைக் காட்டுவார் பாவம். பிரிவுபசார விழாவில் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றவருக்கு நல்ல சாய்வு நாற்காலி கொடுத்தார்கள். எனக்கு ஒரு ஜோடிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். நான் எழுதிய கட்டுரைகளில் எதைப் படித்துவிட்டுக் குத்துவிளக்கு என்று முடிவு செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எங்கள் தொழிலுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சுவர் வேண்டும். கதவு, ஜன்னல், ஸ்விட்ச் போர்டு, பரண் எதுவும் குறுக்கே வராத ஒரு முழுச் சுவர். அதில் ஒரு கரும்பலகை, சாக்பீஸ், துடைக்க ஒரு துணி. காகிதத்தில் எழுதினால் எழுதினது அப்படியே நின்று நம்மை முறைக்கும், அழிக்க மனம் வராது. எங்கள் வேலையில் பாதி அழிப்பதுதான். நான் நின்றுகொண்டுதான் யோசிப்பேன். உட்கார்ந்தால் தூக்கம் வரும்.

கல்யாணமாகி மயிலாப்பூர் ஃப்ளாட்டுக்கு வந்தபோது ஹாலில் ஒரே ஒரு முழுச் சுவர் இருந்தது. கணவர் வீட்டார் சாமி படங்களை அங்கே மாட்டுவதாக இருந்தார்கள். என் கணவர் பாங்கில் வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர். பள்ளிக்கூடங்களுக்குப் பலகை செய்கிற தச்சரிடம் சொல்லி ஒரு கரும்பலகை வாங்கி வந்து, அந்தச் சுவரில் மாட்டினார். சாமி சமையலறை அலமாரிக்குப் போனார், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்துத் தட்டு. தினமும் காலையில் என் கணவர் அலமாரிக் கதவைத் திறந்து, அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்றபடியே பூஜை செய்வார். குக்கர் விசில் அடிக்கும்போது மந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொடருவார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

கட்டடம் பழசாகி, குளிக்கும்போது தலையில் காரை விழ ஆரம்பித்த பிறகு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று அசோசியேஷனில் முடிவாயிற்று. பில்டரின் பிளானை யார் சரிபார்ப்பது? ஜியாமெட்ரி புரொபசரே நம்ம பில்டிங்கில் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்று எல்லோரும் ஏகமனதாகக் கையைத் தூக்கினார்கள். வாழ்க்கையில் எனக்கு ஏகமனதாகக் கிடைத்த ஒரே அங்கீகாரம் அது. கொஞ்சம் தலை கனத்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஒரு மாடிக்கு இரண்டு வீடு. கிழக்குப் பக்கம் ஒன்று, மேற்குப் பக்கம் ஒன்று. எங்களுடையது மேற்கு. பில்டர் கிழக்கு வீட்டுப் பிளானை மட்டும் வரைந்து கொண்டுவந்திருந்தார். மற்றதும் இதே பிளான்தான் மேடம், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அப்படியே திரும்பியிருக்கும், மிரர் இமேஜ் என்றார். எனக்கா மிரர் இமேஜ் சொல்லித்தர வேண்டும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தப் பிளானில் வடகிழக்கு மூலையில் பூஜை அறையும் வடமேற்கு மூலையில் ஒரு சின்ன அறையும் இருந்தன. சின்ன அறையின் தெற்குச் சுவர் முழுசாக, ஒரு ஓட்டை இல்லாமல் இருந்தது. இந்த அறை எனக்கு, இந்தச் சுவரில் ஸ்விட்ச் போர்டுகூட வரக்கூடாது என்று சொல்லி, பிளானில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கட்டி முடிக்கும்வரை திருவான்மியூரில் வாடகைக்கு இருந்தோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரம்மாவின் முதல் கட்டளை. என் கரும்பலகை கட்டிலுக்குப் பின்னால், தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி, சுவரைப் பார்த்து நின்றது. நிறுவனத்தில் என் அறைப் பலகை இருந்ததால் பிழைத்தேன். வருஷக்கணக்காக ஒரு தேற்றத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். அது பிடிபடுகிற மாதிரி இருந்த சமயத்தில் ஓய்வு பெறும் நாள் வந்துவிட்டது. என் அறைக்கு வரப்போகிற இளைஞர் மேஜை எங்கே போடலாம் என்று அளந்து பார்க்க வந்தார், பலகையில் என் நிரூபணம் இருக்கும்போதே. போனில் படம் எடுத்துக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று வழியனுப்பியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு உடம்பைப் பற்றிக் கவலை இல்லை, சுவரைப் பற்றித்தான். வேலையோடு பலகையும் போயிற்று. இனி வீட்டில் ஒரு சுவர் இருந்தால் நான் கணக்குப் போடுகிறவள். இல்லையென்றால் குத்துவிளக்கு வைத்திருக்கிற ஒரு ஓய்வூதியக்காரி.

புது வீட்டைப் பார்க்கப் போன அன்று நேரே என் அறைக்குத்தான் போனேன். அங்கே மணி வைத்த கதவு இருந்தது. தேக்கில் கட்டம் கட்டமாகச் செதுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பித்தளை மணி தொங்கவிட்ட இரட்டைக் கதவு. பூஜை அறை. பிளானில் பூஜை அறை இருந்தது எதிர் மூலை அல்லவா என்று அங்கே ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கே குளியலறை இருந்தது.

பில்டரைப் போனில் பிடித்துக் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"மிரர்தான் மேடம், நான் இல்லேங்கல. ஆனா வாஸ்து மிரர் ஆவாது. கெழக்கு ஒண்ணுதானே கீது?"

போனை வைத்துவிட்டு அந்த மணிக் கதவின் முன்னால் நின்று யோசித்தேன். பிளானில் என் அறை வடமேற்கில். கண்ணாடியில் திருப்பினால் அது வடகிழக்கு. வடகிழக்கு என்றால் ஈசானிய மூலை. ஈசானிய மூலையில் இந்த ஊரில் யார் குடியிருப்பார்? நிச்சயமாக நான் இல்லை. இது தெரிய வாஸ்து நிபுணர் வேண்டாம், மாட வீதியில் பூக்கட்டுகிறவர்களைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பார்கள். கணக்கில் நாங்கள் ஒரு பக்கத்தை நிரூபித்துவிட்டு, "இதேபோல் மறுபுறமும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவோம். அந்தப் பழக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். கிழக்கு, மேற்கு இரண்டும் ஒன்றுதான் என்று இந்தச் சென்னையில் நம்பக்கூடிய ஒரே மனுஷி நானாகத்தான் இருப்பேன்.

திரும்பிப் பார்த்தால் என் கணவர் அந்தக் கதவைத் திறந்து, மெதுவாகச் சாத்தி, மறுபடி திறந்தார். மணிகள் எல்லாம் சேர்ந்து ஆடின. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் நின்றவர். நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். பரவாயில்லை, அலமாரிச் சாமிக்கும் ஒரு காலம் வர வேண்டாமா என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன்.

மற்ற அறைகளில் சுவரே இல்லை என்று சொல்லலாம். ஹாலில் ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு, ஒரு பக்கம் டிவி. படுக்கை அறைகளில் அலமாரி, ஏசி, ஜன்னல். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள், எனக்கு அந்தக் குட்டிச்சுவரும் அகப்படவில்லை. குடிபோன பிறகு கரும்பலகை மறுபடி கட்டிலுக்குப் பின்னால் போயிற்று. நான் பீன்ஸ் நறுக்கினேன். டிவி சீரியலில் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்று விவரமாகத் தெரிந்துகொண்டேன். மந்தைவெளியில் இருக்கும் என் நாத்தனார், என் கணவருக்கு அக்கா, பாட்டு டீச்சராக இருந்தவர், இனிமேலாவது நாலு ஸ்லோகம் கற்றுக்கொள்ளலாமே என்றார். கற்றுக்கொள்ளலாம் என்றேன். அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. நான் சண்டைக்கு வராததைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று தம்பியிடம் தனியாகக் கேட்டாராம்.

அப்புறம் ஒரு நாள் காலையில் பூஜை அறையில் டிரில்லிங் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் என் கணவரும் ஒரு கார்ப்பெண்டரும் தெற்குச் சுவரில் கரும்பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாமி கிழக்குச் சுவரில் இருந்தார். அவராகவே காரணம் சொன்னார். தெற்கு எமனுடைய திசையாம். அங்கே சாமி வைக்க முடியாது. போனவர்கள் படம் மாட்டலாம் என்றால் அதைப் பூஜை அறையில் மாட்டக் கூடாது. அந்தச் சுவர் யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் சும்மாதான் இருக்கிறது என்றார். ஆக, எமன் பக்கம் எனக்குக் கிடைத்தது. என் வயதுக்குப் பொருத்தம்தான்.

குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை. மாதத்தில் சில நாள் உள்ளே வரக்கூடாது என்கிற நிபந்தனைக்கு நான் வயது கடந்துவிட்டேன். அந்த விஷயத்தில் ஈசானியம் சரியான நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. அவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்து ஜபம் செய்வார். நான் அவருடைய வலது பக்கம், அல்லது இடது பக்கம், நின்று எழுதுவேன். சாக்பீஸ் தூள் சாமி மேல் விபூதி மாதிரிப் படியும். அவர் ஒரு துண்டால் தட்டிவிடுவார். நிறுவனத்தின் குத்துவிளக்கு இரண்டும் அங்கேதான் இருந்தன. சாயங்காலம் ஏற்றினால் பலகையில் நல்ல வெளிச்சம் விழும். விழாக் குழுவை அன்று மனதார மன்னித்தேன். தேற்றம் ஓடியது. நவராத்திரி வருவதற்குள் பலகையின் அடிவரை வந்துவிட்டது. இன்னும் கடைசி நாலு வரிதான் என்று தோன்றியது. சந்தோஷத்தில் பேச்சு குறைந்துவிட்டது.

சரஸ்வதி பூஜை அன்று நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டார். வீட்டில் இருக்கிற புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்துவது வழக்கம். அன்று முழுக்க எதையும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. மறுநாள் விஜயதசமி அன்று புனர்பூஜை செய்த பிறகுதான் தொடலாம். நான் சுண்டலுக்குத் தாளித்துவிட்டு வருவதற்குள் நாத்தனார் என் கரும்பலகையின் நாலு மூலையிலும் குங்குமம் வைத்து, நிரூபணத்தின் நட்டநடுவிலும் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, மேல் சட்டத்தில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார். சாக்பீஸ்கள் தட்டில், குங்குமத்தோடு, சாமிக்குப் பக்கத்தில் இருந்தன.

"இதுவும் வித்தைதானேடி" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் என் கணக்கைப் பற்றிக் கேட்டதெல்லாம், "இன்னும் அது முடியலையா?" என்பது மட்டும்தான், ஊறவைத்த துணியைப் பற்றிக் கேட்பது போல. இந்த ஒரு வார்த்தைக்கு நான் நெகிழ்ந்துபோனேன்.

சாயங்காலம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த பெண்கள் எல்லோரும் சாமிக்கு நமஸ்காரம் செய்துவிட்டுப் பலகைக்கும் ஒரு கும்பிடு போட்டார்கள். ஏதோ யந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. மூன்றாம் மாடி மாமி போனில் படம் எடுத்து, பரீட்சை எழுதப்போகிற பேரனுக்கு அனுப்பினாள். என் நிரூபணத்தை இவ்வளவு பேர் ஒரே நாளில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் சுண்டலைத் தொன்னைகளில் போட்டுக்கொண்டே, கையில் சாக்பீஸ் இல்லாமல், சும்மா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு எழுதாமல் வெறுமனே பார்த்தது அன்றுதான். அப்போது தெரிந்தது. நாத்தனார் வைத்த நடுப்பொட்டுக்கு இரண்டு வரி கீழே "இதேபோல் மறுபுறமும்" என்று நான் எழுதியிருந்தேன். மறுபுறம் அதேபோல் இல்லை. அந்தப் பரப்பின் ஒரு முனைக்கு ஒரு திசை உண்டு, அதைத் திருப்பினால் அது வேறாகிவிடும். அதன் கீழே இருந்தது எல்லாம் தவறு.

தொடக்கூடாது, அழிக்கக்கூடாது, எழுதிச் சரிபார்க்கவும் முடியாது. தவறான தேற்றத்துக்குப் பூவும் பொட்டும் வைத்து, ஊரே வந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு நைவேத்தியம் பரிமாறிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. நாத்தனார் பார்த்தார். பக்கத்து வீட்டு மாமியிடம், இவளுக்கு இந்த வயசில்தான் பக்தி வந்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் என் கணவர் புனர்பூஜை முடித்து, புத்தக அடுக்கைச் சம்பிரதாயப்படி வடக்கே சற்று நகர்த்தினார். விஜயதசமி அன்று குழந்தைகளை மடியில் வைத்து எழுத ஆரம்பித்துவைப்பார்கள். நான் ஈரத்துணியை எடுத்து அழிக்க ஆரம்பித்தேன். குங்குமம் பலகை முழுக்க ஈஷிக்கொண்டது. அவர் கற்பூரத் தட்டைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

"தப்பா?" என்றார்.

"தப்பு."

"எவ்வளவு?"

"நடுவுலேர்ந்து கீழ எல்லாம். இந்தாத்துக்கு வந்தப்புறம் போட்டது அத்தனையும்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். அக்கா ரெண்டு தடவை நமஸ்காரம் பண்ணாளே என்று சொல்வார் என்று நினைத்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"அப்பாடா" என்றார். "நாலு நாளா நீ பேசவே இல்ல. முடிஞ்சுடுத்துன்னு நெனச்சிண்டேன். முடிஞ்சுட்டா அப்புறம் நீ என்ன பண்ணுவேன்னு ராத்திரியெல்லாம் பயந்துண்டு கெடந்தேன்."

என் வேலையைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், விருது கொடுத்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரி ஒருவரும் சொன்னதில்லை. கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் குங்குமமாயிற்று.

அவர் திரும்பிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்து ஜபத்தை ஆரம்பித்தார். நான் தட்டிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தேன். ஒரு புறத்தை மட்டும் எழுதினேன். எழுத்து சிவப்பாக வந்தது.